வீட்டில் உருவாகும் எலெக்ட்ரிக் கிட்டார்: வாசகர் கேள்வி – பதில்

எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையால் செய்வது பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் மரத்தையும் வண்ணத்தையும் பற்றியே கேட்கின்றன. அவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் ஒரு கிட்டார் வாசிக்கத் தக்கதாக அமைவதும் சுவரில் மாட்டும் அலங்காரமாக நின்றுவிடுவதும் அதன் கழுத்தைப் பொறுத்தது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பதில்கள் மீண்டும் மீண்டும் கழுத்தின் பக்கமே திரும்புவதை வாசகர்கள் காண்பார்கள்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். எங்கள் வீட்டில் பட்டறை எதுவும் இல்லை. மொட்டை மாடியில் ஒரு பழைய மேசையும் தாத்தா விட்டுச் சென்ற உளி, இழைப்புளி, அரம் போன்ற கைக்கருவிகளும் இருக்கின்றன. பெரிய இயந்திரங்கள் இல்லாமல் நல்ல கிட்டார் ஒன்றைச் செய்துவிட முடியுமா? – வாசகர், திருச்சி

பதில்: முடியும். அதற்கு உலகறிந்த சான்று குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே. விலை உயர்ந்த கிட்டார் வாங்க வசதியில்லாத பள்ளி மாணவராக இருந்தபோது, 1963இல், மின்னணுப் பொறியாளரான தம் தந்தை ஹரால்டுடன் சேர்ந்து லண்டனின் மேற்குப் புறநகரில் இருந்த வீட்டிலேயே அவர் ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. கழுத்துக்கான மகாகனி, யாரோ வேண்டாமென்று கழித்த பழைய கணப்பு மேடையின் சட்டத்திலிருந்து கிடைத்தது. அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். பழைய மேசையின் ஓக் மரமும், மரத்துண்டுகளை ஒட்டிச் செய்யும் பிளாக்போர்டு என்ற பலகையும் உடலாயின. சுருதிக் கம்பிகளை அசைக்கும் நெம்புகோலுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்குகள் பயன்பட்டன. விரல்பலகையில் இடம் காட்டும் வெண்புள்ளிகள் சட்டைப் பொத்தான்களின் முத்துச்சிப்பியை அறுத்துச் செய்தவை. ரெட் ஸ்பெஷல் என்று பெயர் பெற்ற அந்தக் கிட்டாரைத்தான் அவர் தம் வாழ்நாள் முழுவதும் வாசித்து வருகிறார். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்ததும் அதையே.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. கம்பியின் அசைவை மின் சமிக்ஞையாக மாற்றும் பிக்அப்புகளையும் அவர் முதலில் தாமே காந்தம் வைத்துச் சுற்றினார். கம்பியை விரலால் பக்கவாட்டில் வளைக்கும்போது அவற்றில் வேண்டாத ஓசை எழுந்ததால், அவற்றை ஒதுக்கிவிட்டு பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்அப்புகளை விலைக்கு வாங்கிப் பொருத்தினார். எதைக் கையால் செய்வது, எதை வாங்குவது என்று அளந்து முடிவெடுப்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதியே. நீங்களும் சுருதி முறுக்கும் குமிழ்கள், உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், பிக்அப், கழுத்தின் உள்ளே சென்று அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் ஆகிய நான்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். உடலையும் கழுத்தையும் செய்யுங்கள். உங்களிடம் உள்ள கருவிகளோடு மரத்தில் பள்ளம் குடையும் கை ரௌட்டர் ஒன்று, நான்கைந்து சி-கிளாம்ப், மெல்லிய பல் கொண்ட ரம்பம், கோணலில்லாத இரும்புச் சட்டம் ஒன்று ஆகியவை சேர்ந்தால் போதும். மரத்தில் கை வைப்பதற்கு முன், கிட்டாரின் முழு அளவில் ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டிவிட வேண்டும். நடுக்கோடு, கம்பியின் நீளம், பிரிட்ஜ் நிற்கும் இடம், கழுத்து உடலில் பொருந்தும் பள்ளம் ஆகியவை அந்தப் படத்தில் தீர்மானமாகாமல் எந்த மரத்தையும் அறுக்காதீர்கள்.

கேள்வி: வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்து, செவியால் கேட்டுக் கேட்டுச் சரிசெய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிட்டாரின் ஃபிரெட்டுகளை அப்படி அமைக்க முடியாதா? இல்லையென்றால் அவற்றின் இடங்களை எப்படிக் கணக்கிடுவது? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: தஞ்சாவூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் அமர்ந்திருப்பதால், தேய்ந்தாலும் நகர்ந்தாலும் மேளம் கட்டுபவர், அதாவது மெட்டுகளை அமைப்பவர், மெழுகை இளக்கி மறுபடி சரியான இடத்தில் வைத்துவிட முடிகிறது. கிட்டாரில் அந்த வாய்ப்பே இல்லை. விரல்பலகையில் ஏறத்தாழ 0.6 மி.மீ. அகலத்தில் ரம்பத்தால் வெட்டிய பள்ளத்துக்குள் ஃபிரெட்டின் அடிக்கால் இறுகி உட்கார்ந்துவிடும். பிறகு அதை நகர்த்த முடியாது. செவி செய்யும் வேலையைக் கணக்கு முன்கூட்டியே செய்தாக வேண்டும்.

கணக்கு எளியது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரிப்பதால், ஒவ்வொரு ஃபிரெட்டிலும் மீதமுள்ள கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டுக்கான தூரம் கிடைக்கும். ஃபெண்டர் கிட்டார்களின் நீளமான 648 மி.மீட்டரை எடுத்துக்கொண்டால், முதல் ஃபிரெட், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து 36.37 மி.மீ. தொலைவிலும், ஐந்தாவது 162.55இலும், ஏழாவது 215.51இலும், பன்னிரண்டாவது சரிபாதியான 324இலும் அமையும். பழங்காலத்தில் 17.817க்குப் பதிலாக 18 என்ற முழு எண்ணையே பயன்படுத்தினார்கள். விஞ்ஞானி கலிலியோவின் தந்தையும் லூட் வாத்தியக் கலைஞருமான வின்சென்சோ கலிலி 1581இல் எழுதி வைத்த விதி அது. அதை இந்த 648 மி.மீ. நீளத்துக்குப் பொருத்தினால் பன்னிரண்டாவது ஃபிரெட் ஏறத்தாழ 2.4 மி.மீ. முன்னதாகவே விழுந்துவிடும்.

குறிக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்த ஃபிரெட்டை அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு அளவின் சிறு பிழையும் அடுத்ததோடு கூடிக்கொண்டே போகும். எல்லா அளவுகளையும் நட்டின் முனையிலிருந்தே, அளவுகோலை நகர்த்தாமல் எடுங்கள். பென்சிலின் கோடே அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. ஆகவே கூரிய கத்தியால் கீறிக் குறியுங்கள். ரம்பத்தின் பல் அந்தக் கீறலில் தானாகவே உட்கார்ந்துகொள்ளும் என்பது இதன் இன்னொரு பயன். அரை மில்லிமீட்டர் பிழை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒரு அரைச் சுரத்தை நூறு சென்ட்டாகப் பிரித்தால், பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அந்தப் பிழை ஏறத்தாழ 2.7 சென்ட், அது பெரும்பாலும் காதுக்குத் தப்பிவிடும். கம்பி குறுகிக்கொண்டே போகும் இருபத்திரண்டாவது ஃபிரெட்டிலோ அதே பிழை 4.7 சென்ட்டுக்கு மேல் போய்விடும். மேலே போகப் போகக் கண்ணும் கையும் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: பிரிட்ஜைச் சரியாக 648 மி.மீட்டரில் திருகிவிடாதீர்கள். விரலால் அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி சற்று ஏறும்; அதை ஈடுகட்ட ஒவ்வொரு கம்பியும் கணக்கிட்ட நீளத்தைவிடக் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். மெல்லிய கம்பிக்கு ஓரிரு மில்லிமீட்டரும், தடித்த கம்பிக்கு நான்கைந்து மில்லிமீட்டரும் தேவைப்படும். பிரிட்ஜின் தாங்கிகள் முன்பின் நகரக்கூடியவை. மெல்லிய கம்பியின் தாங்கியை ஏறக்குறைய முழுவதும் முன்னே தள்ளி, அந்த நிலையில் அது 648இல் நிற்கும்படி பிரிட்ஜை வைத்தால், பின்னால் நகர்த்த எல்லாத் தாங்கிகளுக்கும் இடம் இருக்கும்.

கேள்வி: தேக்கில் கிட்டார் செய்யலாமா? எங்கள் வீட்டில் பழைய ஈட்டி மரக் கட்டிலின் கால்களும் கிடக்கின்றன. மாமரம், பலா, மலைவேம்பு ஆகியவற்றில் எது நல்லது? – வாசகர், காரைக்குடி

பதில்: அந்தக் கட்டில் கால்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் நாம் அழைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம்தான் உலகெங்கும் கிட்டார் விரல்பலகைகளுக்குப் பெயர் பெற்ற இந்திய ரோஸ்வுட். இன்று அந்த மரத்தை வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். 2017 முதல் இந்த இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. பழைய மரச்சாமான்களிலிருந்து ஈட்டியை எடுத்தால் புதிதாக மரம் வெட்ட வேண்டியதில்லை. பல பத்தாண்டுகள் வீட்டுக்குள்ளேயே காய்ந்திருப்பதால் இனி முறுக்கிக்கொள்ளவும் வாய்ப்புக் குறைவு. விரல்பலகைக்கு ஆறு மில்லிமீட்டர் தடிமனில் பட்டை அறுத்தால் போதும். கட்டில் காலின் கடைசல் வேலைப்பாட்டைத் தாண்டி அரை மீட்டர் நீளம் நேராகக் கிடைக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

தேக்கு நிலையான மரம். ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. வைரம் பாய்ந்த தேக்கு கனமானது. நாலரை சென்டிமீட்டர் தடிமனில் முழு உடலையும் அதில் செய்தால் கிட்டாரின் எடை எளிதாக நான்கு கிலோவைத் தாண்டும். நின்று வாசிப்பவரின் தோள் அதைச் சொல்லும். அதோடு தேக்கின் எண்ணெய்ப் பசை, ஒட்டும் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு இழைத்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்த பிறகே பசை தடவ வேண்டும். தேக்கைத்தான் பயன்படுத்துவேன் என்றால் உடலின் உட்புறத்தில் அறைகள் குடைந்து எடையைக் குறையுங்கள்.

என்னைக் கேட்டால், உடலுக்கும் கழுத்துக்கும் நம் ஊர்த் தோட்டங்களில் இப்போது நிறைய வளர்க்கப்படும் மகாகனியையே முதலில் சொல்வேன். மிதமான எடை, உளிக்கு இணங்கும் தன்மை, காய்ந்தபின் அசையாத குணம் ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. பலா, வீணைக்கே உரிய மரம். உடலுக்கு அழகாக இருக்கும். மலைவேம்பு இலேசானது, ஆனால் திருகுகளை இறுகப் பிடிக்காது. அதைக் கழுத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. மாமரம் உடலுக்குச் சரி. ஈரம் முழுவதும் வற்றியிருப்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த மரமானாலும் ஈரம்தான் முதல் எதிரி. அறுத்த பலகையைக் கிட்டார் வாழப்போகும் அறையிலேயே, காற்றோட்டமாகக் குச்சிகள் இடையிட்டு அடுக்கி வையுங்கள். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு, தேதியோடு பலகையின் மேலேயே எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் பலகை தயார். கழுத்துக்கான கட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையங்களின் கோடுகள் விரல்பலகைக்குச் செங்குத்தாக நிற்பது உத்தமம். அப்படிக் கிடைக்காவிட்டால் மூன்று பட்டைகளை எதிரெதிர்த் திசையில் திருப்பி ஒட்டிக்கொள்ளலாம். ஒன்று வளைய முற்பட்டால் மற்றது தடுக்கும்.

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரில் மரம் நாதத்தை மாற்றும் என்று சிலரும், மாற்றவே மாற்றாது என்று சிலரும் சண்டையிடுகிறார்கள். எது சரி? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பிக்அப் கேட்பது காற்றின் அதிர்வை அல்ல, காந்தப் புலத்துக்குள் ஆடும் உலோகக் கம்பியின் அசைவை. ஆகவே நாதத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை பிக்அப்பின் வகை, அது கம்பியின் எந்த இடத்துக்குக் கீழே நிற்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கம்பியின் நீளமும் தடிமனும் எவ்வளவு என்பவையே. 1940ஐ ஒட்டி அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால், நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கம்பி பூட்டிச் சோதித்துப் பார்த்ததும், அதற்கு இரண்டு பக்கமும் சாதாரணக் கிட்டாரின் பாதிகளைத் தோற்றத்துக்காக ஒட்டிக்கொண்டதும் இதை நன்றாகக் காட்டுகின்றன. மரம் தலையிடும் இடம் கழுத்து. கழுத்து இளகலாக இருந்தால் சில குறிப்பிட்ட சுரங்களின் சக்தியை அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சுரங்கள் மட்டும் சட்டென்று அடங்கிப்போகும். அதனால் உடலுக்கு அரிய மரம் தேடிச் செலவழிப்பதைக் காட்டிலும் அந்தப் பணத்தில் விறைப்பான கழுத்துக் கட்டையும் நல்ல பிக்அப்பும் வாங்குவதே அறிவுடைமை.

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு வயது, இடக்கைப் பழக்கம். கடைகளில் கிடைக்கும் கிட்டார்கள் அவள் கைக்குப் பெரிதாக இருக்கின்றன. அவளுக்கென்று ஒன்றைச் செய்ய முடியுமா? – வாசகி, மதுரை

பதில்: வீட்டில் கையால் செய்வதற்கு இதைவிடச் சிறந்த காரணம் இருக்க முடியாது, அம்மா. கடைக்காரர் எல்லோருக்கும் பொதுவான ஒரு கையை மனத்தில் வைத்துச் செய்கிறார். நீங்கள் உங்கள் மகளின் கையை அளந்து செய்யலாம். கம்பியின் நீளத்தை 648 மி.மீட்டரிலிருந்து குறையுங்கள். ஃபெண்டர் நிறுவனமே 1956இல் மாணவர்களுக்காகச் செய்த கிட்டார்களுக்கு 572 மி.மீ. நீளம் வைத்தது. ஆனால் அவள் வளரும் பிள்ளை என்பதால் பிரையன் மேயின் கிட்டார் அளவான 610 மி.மீ. பொருத்தமாக இருக்கும், பெரியவளான பின்னும் அதை வாசிக்கலாம். நீளம் குறைந்தால் அதே சுருதிக்குக் கம்பியின் இழுவிசையும் குறையும். மென்மையான விரல் நுனிகளுக்கு அது பெரிய உதவி.

நட்டின் அகலத்தை 40 மி.மீட்டராகவும், கழுத்தின் பின்புறத்தைச் சற்று மெலிதாகவும் வையுங்கள். ஆனால் டிரஸ் ராட் செல்லும் பள்ளத்துக்கு அடியில் குறைந்தது நான்கு மில்லிமீட்டர் மரம் மிஞ்ச வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இடக்கைக்குச் செய்யும்போது உடலின் வடிவத்தை மட்டும் திருப்பினால் போதாது: நட்டின் பள்ளங்கள், பிரிட்ஜின் சாய்வு, ஒலியளவுக் குமிழ்கள், பக்கவாட்டு இடப்புள்ளிகள் என அனைத்தும் திரும்ப வேண்டும். கழுத்தின் பின்புறத்தை அரத்தால் ராவும்போது மகளைப் பக்கத்திலேயே உட்கார வைத்து, அவ்வப்போது பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் கட்டைவிரல் இளைப்பாறும் இடம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: நான் செய்த கிட்டாரில் தொடர்ந்து ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கிறது, கம்பியைத் தொட்டால் குறைகிறது. சில நேரம் தொடும்போது விரலில் சுருக்கென்று இழுக்கிறது. இது இயல்பா? – வாசகர், கடலூர்

பதில்: இரைச்சல் இயல்பு, விரலில் இழுப்பது இயல்பே அல்ல. உடனே வாசிப்பதை நிறுத்துங்கள். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகவும் கேபிள் வழியாகவும் ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. அந்தச் சட்டம் சுவர் பிளக்கின் எர்த் வழியாகத் தரைக்குச் சென்றால் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். வீட்டில் எர்த் இணைப்பு இல்லாமலிருந்தாலோ, இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் ஆம்ப்ளிஃபையரைச் செருகியிருந்தாலோ, உள்ளே ஏற்படும் ஒரு சிறு பழுது கம்பிகளையே மின்சாரக் கம்பிகளாக்கிவிடும். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தம் வீட்டில் எர்த் சரியில்லாத கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்தச் சொல்லுங்கள். அதுவரை வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று வாசிக்க வேண்டாம். பழுது ஆம்ப்ளிஃபையரிலோ வீட்டு இணைப்பிலோதான் இருக்கும். அதற்காகக் கிட்டாரின் எர்த் கம்பியை வெட்டிவிடாதீர்கள்.

இரைச்சலுக்கு வருவோம். கிட்டாரைப் பிடித்தபடி மெல்லச் சுற்றிப் பாருங்கள். திசைக்கேற்ப இரைச்சல் ஏறி இறங்கினால், அது ஒற்றைச் சுருள் பிக்அப் வாங்கும் 50 ஹெர்ட்ஸ் காந்த இரைச்சல். இரட்டைச் சுருள் பிக்அப் பொருத்தினால்தான் அது அடங்கும். திசை மாறினாலும் மாறாமல், தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் உட்பள்ளங்களில் செம்புத் தகடு ஒட்டி, தகடுகள் அனைத்தையும் ஒன்றோடொன்று சால்டர் செய்து எர்த்தில் இணைத்தால் பெருமளவு தணியும்.

கேள்வி: மழைக்காலத்தில் பாலிஷ் போடலாமா? எந்தப் பாலிஷ் நல்லது? – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் வீட்டில் செய்பவருக்கு மிக ஏற்றது, ஈரக் காற்றில் பூசினால் வெண்மையாக மூடிக்கொள்ளும் என்பதால் வெயில் அடிக்கும் நாள்வரை காத்திருங்கள். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை மூடிய அறைக்குள் தெளிக்கவே கூடாது. அதன் ஆவி நச்சு, தீப்பற்றவும் கூடியது. ஆளி விதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்து கம்பி பூட்டினேன். சில ஃபிரெட்டுகளில் கம்பி உரசிக் கரகரக்கிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது? – வாசகர், சேலம்

பதில்: முதலில் ஓரிரு நாள் பொறுங்கள். 10 எண் கம்பித் தொகுதியை 648 மி.மீ. நீளத்தில் வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் கழுத்தின் மேல் விழும் மொத்த இழுவிசை ஏறத்தாழ 46 கிலோ எடைக்குச் சமம். புதுக் கழுத்து அதற்குப் பழகி ஒரு நிலைக்கு வர நேரம் வேண்டும். பிறகு முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒருசேர அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அங்கே 0.2 மி.மீ. அளவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் டிரஸ் ராடைக் கால் சுற்றுத் தளர்த்தி, மறுநாள் மறுபடி பாருங்கள்.

கழுத்து சரியாக இருந்தும் ஒரே இடத்தில் உரசல் தொடர்ந்தால், மூன்று ஃபிரெட்டுகளின் மேல் மட்டும் படியும் அளவுக்கு நேரான சிறு இரும்புத் துண்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் நடு ஃபிரெட் உயர்ந்திருக்கிறது. அதை முதலில் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி உட்கார வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கம்பிகளைக் கழற்றி, கழுத்தை நேராக்கி, எல்லா ஃபிரெட்டுகளின் தலையிலும் மார்க்கர் மை தடவி, நேரான சட்டத்தில் ஒட்டிய 400 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். மை எல்லா ஃபிரெட்டிலும் அழிந்தவுடன் நிறுத்திவிட்டு, தட்டையாகிப்போன தலைகளை மூன்றுமுனை அரத்தால் மறுபடி உருட்டிவிடுங்கள். நட்டின் பள்ளங்களை ஆழப்படுத்துவதும் பிரிட்ஜின் உயரத்தைக் குறைப்பதும் இவை அனைத்தும் முடிந்த பிறகே.